தளத்துக்கு ஆள் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைத் தேடுங்கள்

தளத்துக்கு வருகை இல்லை என்று சொல்கிறவர்களில் பலர் அடுத்த மூச்சிலேயே "நல்ல பேக்லிங்க் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். பேக்லிங்க் என்றால் பிற தளங்கள் நம் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பு. அது போதாததுதான் காரணம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். சில நேரம் அது சரிதான். ஆனால் பல நேரம் கூகுள் அந்தப் பக்கத்தைப் படித்தே இருக்காது. படித்திருந்தாலும் சேர்த்துக்கொண்டிருக்காது. சேர்த்துக்கொண்டாலும் அந்தச் சொற்களை யாரும் தேடாமல் இருப்பார்கள். இந்த நிலையில் நூறு தளங்களிலிருந்து இணைப்பு வாங்கிவந்தாலும் எதுவும் நகராது.

அதனால் முதலில், தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று தளக்காரருக்குக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலைத் திறங்கள். இலவசம்தான். தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். அதில் நான்கு எண்கள் கிடைக்கும்: இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் எத்தனை முறை தெரிந்தது), கிளிக், கிளிக் விகிதம் (தெரிந்ததில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது), சராசரி இடம். 16 மாதத் தரவு இருக்கும் என்பதால் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடலாம். ஒரு பக்கம் இன்டெக்ஸில், அதாவது கூகுளின் பக்கப் பட்டியலில், சேர வேண்டும், பிறகு தேடலில் தலைகாட்ட வேண்டும், பிறகு மேலே ஏற வேண்டும், அப்புறம்தான் கிளிக். இந்த வரிசையில் எந்த இடத்தில் முதலில் அறுந்திருக்கிறது என்று பார்த்து, கீழே அதற்குரிய பகுதிக்குப் போங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, பாரம்பரிய நெல் பற்றித் தமிழில் எழுதும் ஒரு சிறு தளத்தை வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் என்று ரகத்துக்கு ஒரு பக்கம்.

கூகுளில் தளமே தெரியவில்லை

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளியும் உங்கள் தள முகவரியும் போட்டுத் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வராவிட்டால் கதவு உள்ளிருந்தே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைத்த தளமாக இருந்தால் அமைப்புகளில் ‘ரீடிங்’ பக்கத்தைப் பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு பெட்டி அங்கே இருக்கிறது. தளம் தயாராகும் வரை டெவலப்பர் அதில் டிக் போட்டு வைப்பார். திறப்பு விழா அவசரத்தில் எடுக்க மறந்துவிடுவார். நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணமாக நடக்கும் விஷயம் இது.

அது சரியாக இருந்தால் ரோபாட்ஸ் ஃபைலையும், பக்கங்களில் இருக்கும் நோஇன்டெக்ஸ் குறியையும் பாருங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். ரோபாட்ஸ் ஃபைல் ‘படிக்காதே’ என்கிறது, நோஇன்டெக்ஸ் ‘சேர்க்காதே’ என்கிறது. ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரியம் கெட்டுவிடும். படிக்கவே அனுமதி இல்லாததால் கூகுளுக்கு நோஇன்டெக்ஸ் குறி கண்ணில் படாது. வேறு தளம் ஏதாவது இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளடக்கமே இல்லாமல் வெறும் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கும்.

பூட்டு எதுவும் இல்லை, தளம் புதிது என்றால் சைட்மேப்பை (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) சர்ச் கன்சோலில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

சில பக்கங்கள் மட்டும் சேரவில்லை

சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படும். ஒன்று, பக்கம் இருப்பது தெரியும், இன்னும் போய்ப் படிக்கவில்லை. மற்றொன்று, படித்தாயிற்று, இப்போதைக்குச் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகைக்குப் பெரும்பாலும் உள் இணைப்புதான் மருந்து. பூங்கார் பற்றிய பக்கத்துக்கு முகப்பிலிருந்தோ மற்ற ரகங்களின் பக்கங்களிலிருந்தோ ஓர் இணைப்புகூட இல்லை, சைட்மேப்பில் மட்டும் பெயர் இருக்கிறது என்றால் கூகுள் அதற்கு அவசரம் காட்டாது. நன்றாக ஓடும் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து, பொருத்தமான வரியில், பூங்கார் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். வெளித்தளங்களிடம் போய் நிற்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. காசு செலவில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் ஏனோ இதைத்தான் கடைசியில் செய்கிறார்கள்.

இரண்டாம் வகை கொஞ்சம் கசப்பானது. படித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கிறது. ரகத்தின் பெயரை மட்டும் மாற்றி, அதே நான்கு பத்திகளை இருபது பக்கங்களில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் இருபதையும் இரண்டு மூன்று நல்ல பக்கங்களாகச் சேர்த்துவிடுவது நல்லது. ‘இன்டெக்ஸ் செய்யக் கோருக’ பொத்தானைத் தினமும் அமுக்குவதால் இது சரியாகாது.

பக்கம் சேர்ந்திருக்கிறது, இம்ப்ரெஷன் பூஜ்யம்

தமிழ்த் தளங்களில் தென்படும் ஒரு பழுதை முதலில் சோதியுங்கள். பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து வந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இல்லை, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது ‘மாப்பிள்ளைச் சம்பா’. கூகுளுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அச்சுக்கூடத்தில் தயாரான பிடிஎஃப் மலர்களை அப்படியே ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் உண்டு. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்துங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

கட்டுரை முழுவதையும் படமாக வடிவமைத்துப் போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாட்ஸ்அப்பில் பகிர அழகாக இருக்கும். தேடலுக்கு அந்த எழுத்தை நம்பிப் பயனில்லை.

எழுத்து சரியாக இருந்தால், மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்ற கேள்விக்கு வாருங்கள். நீங்கள் ‘மரபு நெல் வித்துகளின் மாண்பு’ என்று தலைப்பு வைத்திருப்பீர்கள். தேடுகிறவர் ‘மாப்பிள்ளை சம்பா விதை நெல் எங்கே கிடைக்கும்’ என்று அடிப்பார். அதையும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஏராளம். கூகுள் சில நேரம் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் புரிந்துகொள்ளும், எப்போதும் அல்ல. அதற்காகப் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துத் தமிழைக் கொட்டிவைக்காதீர்கள். ரகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பக்க முகவரியிலும், படத்தின் பெயரிலும், கட்டுரைக்குள் ஓரிடத்திலும் வைத்தால் போதும். பக்கத்தின் நிரலில் மறைந்திருக்கும் கீவேர்ட் மெட்டா குறியில் நாற்பது சொற்களை அடுக்குவது வீண். ரேங்க் போட, அதாவது முடிவுகளை வரிசைப்படுத்த, அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

முகவரியைப் பற்றி ஒரு சங்கதி. தமிழ் எழுத்தில் முகவரி வைத்தால் அது சதவீதக் குறிகளாக மாறுகிறது. ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 9 எழுத்து ஆகும். ‘அம்மா’ என்ற சின்னச் சொல்லே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது, ஆகவே நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். பிறர் அதை நகலெடுத்து ஒட்டும்போது வால் விட்டுப்போய் இணைப்பு உடைவதும் உண்டு. புதிய பக்கங்களுக்குக் குட்டையான ஆங்கில எழுத்து முகவரி வையுங்கள். பழைய பக்கங்களின் முகவரியில் கை வைக்காதீர்கள், அவற்றுக்கு ஏற்கெனவே யாராவது இணைப்புக் கொடுத்திருக்கலாம்.

8-ஆம் இடத்துக்கும் 20-ஆம் இடத்துக்கும் நடுவே சிக்கி நிற்கிறது

பேக்லிங்க் என்ற மருந்து உண்மையிலேயே பொருந்துகிற அறிகுறி இதுதான். பக்கம் சேர்ந்துவிட்டது, தேடலுக்குப் பொருத்தமானது என்று கூகுளும் ஒப்புக்கொண்டு முதல் இரண்டு பக்கங்கள்வரை கொண்டுவந்துவிட்டது. அதற்கு மேல் தள்ள ஏதோ போதவில்லை.

இருந்தாலும் அவசரப்படாமல், அந்தச் சொல்லை நீங்களே தேடி முதல் ஐந்து முடிவுகளைத் திறந்து படியுங்கள். ‘மாப்பிள்ளைச் சம்பா’ தேடலில் மேலே நிற்பவை எல்லாம் அரிசி விற்கும் கடைகளும் சமையல் குறிப்புகளுமாக இருந்து, உங்களுடையது சாகுபடி முறை பற்றியதாக இருந்தால், இணைப்பால் அதை மாற்ற முடியாது. தேடுகிறவர் கேட்பது வேறு. ‘மாப்பிள்ளைச் சம்பா சாகுபடி’ என்ற தேடலில் உங்கள் இடம் எங்கே என்று பாருங்கள், போட்டியிட வேண்டிய களம் அது. மாறாக, மேலே இருப்பவை உங்களுடையதைப் போன்றவையே, தரத்திலும் உங்களைவிட உசத்தி இல்லை என்றால், அப்போது இணைப்பைத் தேடி இறங்கலாம்.

இணைப்பு ஏன் எடை பெறுகிறது என்பதற்குக் கூகுளின் பிறப்புக்கே போக வேண்டும். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதோடு, அப்படிக் கொடுப்பவருக்கு எத்தனை மதிப்பு என்பதும் கணக்கில் வந்தது. இன்று கூகுள் பார்க்கும் பல விஷயங்களில் அது ஒன்று, அவ்வளவே. ஆனால் கொடுப்பவர் யார் என்பது முக்கியம் என்ற அடிப்படை மாறவில்லை. நம் நெல் தளத்துக்கு ஒரு வேளாண் கல்லூரியின் வாசிப்புப் பட்டியலிலிருந்து வரும் ஓர் இணைப்பு, ஊர் பேர் தெரியாத முந்நூறு டைரக்டரிகளைவிட, அதாவது வெறும் முகவரிப் பட்டியல் தளங்களைவிட, மேல்.

எப்படிக் கேட்டு வாங்குவது? பிறர் சுட்டிக்காட்டியே ஆக வேண்டிய ஒன்று முதலில் உங்களிடம் இருக்க வேண்டும். ‘பாரம்பரிய நெல்லின் நன்மைகள்’ என்ற கட்டுரைக்கு யாரும் இணைப்புக் கொடுக்க மாட்டார்கள், அது எல்லோரிடமும் இருக்கிறது. எந்த ரகம், எத்தனை நாள் வயது, எந்தப் பட்டத்துக்கு ஏற்றது, விதை எந்த வட்டாரத்தில் யாரிடம் கிடைக்கிறது என்று விவசாயிகளிடம் கேட்டுத் திரட்டி, வருடா வருடம் புதுப்பிக்கும் ஓர் அட்டவணை இருந்தால் கதை வேறு. விதைத் திருவிழா நடத்துகிறவர்கள், இயற்கை அங்காடிகள், விவசாயப் பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் அது தேவைப்படும். கேட்காமலே சிலர் இணைப்பார்கள். மற்றவர்களுக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம்.

அதைவிட எளிய வேலைகளும் உண்டு. உங்கள் தளத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு இணைப்பைத் தராதவர்கள் கிடைப்பார்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். உங்கள் வயல் படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், எடுத்துப் போட்டவர்களிடம் நன்றி வரியோடு இணைப்பைக் கேளுங்கள். செத்துப்போன பக்கங்களும் ஒரு வழி. தமிழ் இணையம் மூடிப்போன தளங்களால் நிறைந்தது. இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது போன பக்கங்களுக்கே இன்னும் இணைப்பு வைத்திருக்கும் தளங்கள் உண்டு. உங்கள் துறையில் அப்படி உடைந்த இணைப்பைக் கண்டால், பழைய பக்கத்தில் என்ன இருந்தது என்று, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பாருங்கள். அதே தேவையைத் தீர்க்கும் பக்கத்தைச் சொந்தமாக எழுதிவிட்டு, அந்தத் தளக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள். அவருக்கும் ஓர் உதவி என்பதால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம்.

பலன் தெரிய வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். தினமும் ரேங்க் பார்த்துப் பதற வேண்டாம்.

பேக்லிங்க் நிறைய இருக்கிறது, ரேங்க் அசையவில்லை

சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையைத் திறந்து, எந்தத் தளங்கள், எந்தச் சொல்லில் இணைத்திருக்கின்றன என்று பாருங்கள்.

பெரும்பகுதி ஃபேஸ்புக், கோரா, விக்கிப்பீடியா என்று இருந்தால் அவற்றில் நோஃபாலோ குறி இருக்கும். இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்ல, 2005-இல் குப்பைப் பின்னூட்டங்களைத் தடுக்க வந்த குறி அது. 2019-இல் கூகுள் அதைக் கட்டளை என்ற நிலையிலிருந்து குறிப்பு என்ற நிலைக்கு மாற்றியது. ஆனாலும் ரேங்க் ஏற்ற அதை நம்ப முடியாது. அதற்காக அவை வீண் என்று சொல்ல மாட்டேன். விக்கிப்பீடியாக் கட்டுரையின் மேற்கோள் வழியாக நேரே வரும் வாசகரும் வருகைதான், அதுவும் நின்று படிக்கிற வருகை.

எல்லா இணைப்பும் ‘பாரம்பரிய அரிசி ஆன்லைன்’ என்று ஒரே சொல்லில் வந்திருந்தால் அது வாங்கிய இணைப்பு என்று யார் பார்த்தாலும் தெரியும். கூகுளுக்கும் தெரியும். 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுள் மாற்றம் இந்த வகை இணைப்புகளைக் குறிவைத்தே வந்தது. 2016 முதல் அது கூகுளின் மைய முறையிலேயே கலந்துவிட்டது, இப்போது இப்படிப்பட்ட இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. அதாவது கொடுத்த காசு போச்சு, பலனும் இல்லை.

சில நேரம் தண்டனையே வரும். பிரபலமான உதாரணம் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடை. 2010 இறுதியின் பண்டிகைக் காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்தது. சம்பந்தமே இல்லாத தளங்களில் ஆயிரக்கணக்கில் இணைப்பு வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் கை வைத்த அன்று, பயணப் பெட்டி ஒன்றின் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, தேடல் வேலை பார்த்த நிறுவனத்தைக் கடை நீக்கியது. பெரிய கடை, தாங்கியது. சிறு தளம் தாங்காது.

இணைப்பு விற்பவர்கள் ‘டிஏ 50’ என்று ஓர் எண்ணைக் காட்டுவார்கள். டொமைன் அத்தாரிட்டி என்பது மோஸ் என்ற நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

சம்பந்தமில்லாத தளங்களிலிருந்து இணைப்புகள் வந்து குவிகின்றன

சூதாட்டத் தளம், ரஷ்யத் தளம், எதுவென்றே தெரியாத தளம். நீங்கள் வாங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் கூகுள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவவ் கருவி 2012 முதல் இருக்கிறது. உங்கள் மேல் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியரே பார்த்து விதிக்கும் தண்டனை) வந்திருந்தால், அல்லது முன்பு நீங்களே இணைப்பு வாங்கியதால் அது வரும் என்று பயந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். பயத்தில் நல்ல இணைப்புகளையும் சேர்த்து மறுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

இம்ப்ரெஷன் ஏறுகிறது, கிளிக் ஏறவில்லை

சராசரி இடம் 30, 40 என்றால் இதில் வியப்பில்லை, அதுவரை யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை. முதல் ஐந்துக்குள் இருந்தும் கிளிக் இல்லை என்றால் தலைப்பைப் பாருங்கள். தமிழ் எழுத்து அகலமானது, தேடல் பட்டியலில் தலைப்பு சீக்கிரமே வெட்டுப்படும். தளத்தின் பெயரை முன்னால் வைத்து விஷயத்தைப் பின்னால் வைத்திருந்தால் விஷயம் கண்ணுக்கே தெரியாது. ‘மாப்பிள்ளைச் சம்பா’ முதலில் வரட்டும்.

தலைப்பில் குறை இல்லையென்றால், கூகுளே மேலே பதிலைச் சொல்லிவிடுகிறதா என்று பாருங்கள். பதிலைச் சுருக்கி மேலேயே தரும் ஏஐ ஓவர்வியூ இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. ‘எத்தனை நாள் பயிர்’ போன்ற ஒரு வரிக் கேள்விகளின் கிளிக் இனித் திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வரியில் அடங்காத கேள்விகளுக்கு உழைப்பைத் திருப்புங்கள்.

என் கட்டுரையைத் திருடியவர் எனக்கு மேலே நிற்கிறார்

முதலில் அவரிடம் எழுதிக் கேளுங்கள். நீக்க வேண்டும், அல்லது சுருக்கம் மட்டும் வைத்து மூலத்துக்கு இணைப்புத் தர வேண்டும். இரண்டாவதற்குச் சம்மதித்தால் ஒரு பேக்லிங்க் லாபம். மசியாவிட்டால் கூகுளின் காப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. எந்தப் பக்கம் உங்களுடையது, எந்தப் பக்கம் நகல் என்று இரண்டு முகவரியையும் கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தப் படைப்பாக இருந்தால் மட்டும் செய்யுங்கள், பொய்ப் புகார் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஒரே நாளில் வருகை சரிந்தது

வருகையை எண்ணும் கருவியான அனலிட்டிக்ஸில் சரிந்து சர்ச் கன்சோலில் சரியாமல் இருந்தால் வருகை குறையவில்லை, எண்ணும் கருவிதான் கழன்றிருக்கிறது. தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) மாற்றும்போது அந்தக் கருவியின் குறியீடு போயிருக்கும், திரும்பப் போடுங்கள்.

இரண்டிலும் சரிந்திருந்தால் சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை, பாதுகாப்புச் சிக்கல் என்ற இரண்டு அறிக்கைகளைத் திறங்கள். முதலாவதில் ஏதாவது இருந்தால் வாங்கிய இணைப்புகளை நீக்கச் சொல்லி, நீக்க முடியாதவற்றை டிஸ்அவவ் செய்து, செய்ததை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாவதில் இருந்தால் தளம் ஹேக் ஆகியிருக்கிறது. முன்பு சொன்ன ‘சைட்’ தேடலில் ஜப்பானிய எழுத்திலோ மருந்துப் பெயர்களிலோ நீங்கள் எழுதாத பக்கங்கள் வரும். காசு கொடுக்காமல் இறக்கிய கிராக் தீம்தான் பல நேரம் வழி திறந்துவிட்டிருக்கும்.

இரண்டும் காலி என்றால் கூகுளின் தேடல் நிலைப் பலகையில் அந்தத் தேதியில் கோர் அப்டேட் (தேடல் முறையில் பெரிய மாற்றம்) நடந்ததா என்று பாருங்கள். நடந்திருந்தால் அது முடிந்து ஒரு வாரம் கழித்து, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். நடுவில் எதையும் கிளறாதீர்கள். நெல் தளம் என்றால் இன்னொன்றும் உண்டு: விதைப்புக் காலம் முடிந்தால் தேடலும் ஓயும். போன வருடக் கோட்டோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சமீபத்தில் டொமைன், அதாவது தள முகவரி, மாற்றினீர்களா? அப்படியானால் காரணம் அநேகமாக அதுதான். பழைய ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் புதிய தளத்தின் அதே பக்கத்துக்கு 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால் கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும், அத்தனை வருடம் சேர்ந்த இணைப்புகளின் மதிப்பும் அதோடு போகும். திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே வேண்டாம். பழைய டொமைனுக்கு வருடக் கட்டணத்தையும் கட்டிக்கொண்டே இருங்கள். கைவிட்ட டொமைன்களைத் தேடி வாங்கிச் சூதாட்டத் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேளாண் கல்லூரி உங்களுக்குக் கொடுத்த இணைப்பு அப்புறம் நேரே அங்கே போய் இறங்கும்.